நாலு மணிக்கு வரவேண்டிய தீ

வரவேற்பாளர் என்று ஓர் இனம் உண்டு. கல்யாண மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் பாவம், கிண்ணம் காலியானதும் பந்திக்குப் போய்விடுவார்கள். இது வேறு இனம். ஊருக்குள் ஓர் அரசாங்க ஜீப் நுழைந்தால், அது கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் அதன் முன்னால் வந்து கைகூப்பி நிற்கும். ஜீப்பில் இருப்பவர் டாக்டரா, போலீசா, கால்நடை ஆய்வாளரா, வழி தவறி வந்துவிட்ட மின்வாரியக்காரரா என்பதெல்லாம் அதற்கு இரண்டாம் பட்சம். வந்தவர் கையில் முதலில் ஓர் எலுமிச்சம்பழம். அடுத்தது ஒரு நாற்காலி. அடுத்தது உடைத்த கலர் சோடா பாட்டில். அதற்கும் பிறகு நேரம் மிச்சமிருந்தால், அவர் வந்த காரியம்.

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். இல்லவே இல்லை என்று சாதிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் பேசிக்கொள்வோம்.

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே பஸ்ஸை விட்டு இறங்கி, உடைமுள்ளுக்கு இடையில் ஒன்றரை மைல் நடந்தால் ஆவரங்குண்டு வரும். அறுபது வீடு. ஒரு கண்மாய், வருஷத்தில் மூன்று மாதம் அதில் தண்ணீர் நிற்கும், மிச்ச மாதங்களில் ஆடு நிற்கும். இந்த ஊரின் வரவேற்பாளர் வெள்ளத்துரை. மளிகைக் கடை வைத்திருக்கிறார் என்பது அவரைப் பற்றிய சின்ன விஷயம். கடைக்குப் பின்னறையில் ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறார் என்பதுதான் பெரிய விஷயம். பெட்டிக்குள் ஒரு பன்னீர்ச் செம்பு, ஒரு வெள்ளிமுலாம் தட்டு, ரோஜா நிறத்தில் ஒன்றும் பச்சையில் ஒன்றுமாக இரண்டு சால்வைகள். ஆறு வருஷமாக அந்த இரண்டே சால்வைகளை வைத்து, ஊருக்கு வந்த அதிகாரிகள் அத்தனை பேருக்கும் போர்த்தி முடித்திருக்கிறார். எப்படி என்கிறீர்களா? போர்த்தி, போட்டோ எடுத்ததும், "கசங்கிரும் சார், கைல வச்சிக்கிட்டு எப்படிப் போவீக, நான் மடிச்சு ஆபீஸுக்கே அனுப்பி வைக்கேன்" என்று பரிவோடு உருவிக்கொள்வார். அனுப்பி வைத்ததாகச் சரித்திரம் இல்லை.

கடைச் சுவரில் பருப்பு விலைப் பலகைக்கு மேலே வரிசையாகப் போட்டோக்கள். எல்லாவற்றிலும் வெள்ளத்துரை முழுசாக இருப்பார். அதிகாரிகள் பாதி பாதியாக இருப்பார்கள்.

அவரிடம் ஒரு கொள்கை உண்டு. துறை என்றால் என்ன? அதிகாரி. மக்கள் என்றால் என்ன? கூட்டம். இரண்டையும் அப்படியே விட்டுவிட்டால் ஒன்றோடு ஒன்று நேரடியாகப் பேசிக்கொண்டுவிடும். அது ஊருக்கு மரியாதை ஆகுமா? நடுவில் முறை தெரிந்த ஆள் ஒருவர் வேண்டாமா? காய்ச்சல் என்று யாராவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்பினால் கடையிலிருந்தே கூப்பிடுவார். "நேராப் போயிராதப்பா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? நான் ஒரு வார்த்தை சொல்லிவிடுறேன்." சொல்லிவிட மாட்டார். ஆனால் கிளம்பியவர் அவர் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருப்பார். காய்ச்சலும் கூடவே உட்கார்ந்திருக்கும். இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிட்டால், அது அண்ணாச்சி சொன்ன வார்த்தையின் மகிமை.

கிராம சுகாதாரச் செவிலியர் கோகிலாம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமைதோறும் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வருகிறவர். முதல் புதன்கிழமை அவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெள்ளத்துரை குத்துவிளக்கோடு நின்றிருந்தார். விளக்கேற்றி, இறைவணக்கம் பாடி, தடுப்பூசியின் அவசியம் பற்றித் தாமே இருபது நிமிஷம் பேசி, அதற்கு ஒருவர் நன்றி சொல்லி முடிப்பதற்குள் பெட்டியில் ஐஸ் பாதி உருகிவிட்டது, பிள்ளைகள் பாதி தூங்கிவிட்டார்கள். "அண்ணாச்சி, மருந்து கெட்டுப் போயிரும்" என்று கோகிலாம்பாள் மூன்று தடவை சொன்னார். "இருக்கட்டும் நர்சம்மா, நீங்க ரொம்பத் தன்னடக்கமா இருக்கீக" என்று அவர் பதில் சொன்னார். இரண்டாவது மாதத்திலிருந்து அந்த அம்மாள் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, கண்மாய்க்கரை வழியாக ஊரின் பின்பக்கமாக வந்து, சந்து சந்தாகப் புகுந்து, ஊசியைப் போட்டுவிட்டு, வந்த வழியே போய்விட ஆரம்பித்தார். அரசாங்கச் சம்பளம் வாங்கி, அரசாங்க மருந்தைக் கொண்டுவந்து, அரசாங்கம் போடச் சொன்ன ஊசியைப் போட, ஒரு பெண் திருடியைப் போல ஊருக்குள் நுழைய வேண்டியிருந்தது.

திருடர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. இரண்டு வெள்ளாடுகள் காணாமல் போனதை விசாரிக்க ஏட்டு சௌந்தரபாண்டியன் சைக்கிளில் வந்தார். அவரை ஆட்டுக் கொட்டடிக்குப் போகவிடாமல் கடை வாசலிலேயே இறக்கி, காவல்துறை பொதுமக்கள் நல்லுறவுக் கூட்டம் ஒன்றை அரை மணி நேரத்தில் கூட்டிவிட்டார் வெள்ளத்துரை. ஏட்டுக்குப் பச்சைச் சால்வை. ஏட்டு குற்றங்களைத் தடுப்பதில் மக்களின் பங்கு பற்றிப் பேச வேண்டியதாயிற்று. மைக் இல்லாத குறையைத் தீர்க்கத் தொண்டை கிழியக் கத்தி நன்றியுரை சொன்னானே ஒரு வாலிபன், அவன்தான் ஆட்டைத் தூக்கியவன் என்பது தெரிய இரண்டு மாதம் ஆனது. அதற்குள் ஆடு செரித்துவிட்டது.

இத்தனைக்கும் வெள்ளத்துரை கெட்டவர் இல்லை. அதுதான் இதில் பெரிய தொல்லை. ஐந்து பைசா லஞ்சம் வாங்கமாட்டார். கலர் பாட்டில் எல்லாம் சொந்தக் கடைச் சரக்கு. கெட்டவராக இருந்தால் ஊர் என்றைக்கோ விரட்டியிருக்கும். நல்லவரை எப்படி விரட்டுவது?

மருத்துவமும் காவலும் ஊருக்கு வந்து சிறப்பிக்கப்பட்டுவிட்டன. தீயணைப்பு மட்டும் பாக்கி. அது அவர் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஆவரங்குண்டில் தீப்பிடித்ததே இல்லை என்பதல்ல. பிடிக்கும், ஊரே குடத்தோடு ஓடும், அணையும். ஆனால் சிவப்பு வண்டி என்று ஒன்று ஊருக்குள் வந்து நின்று, அதற்குப் பக்கத்தில் தாம் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளவில்லையே என்ற ஏக்கம். எண்பத்தொன்பதாம் வருஷம் ஏப்ரல் மாதம், தீத்தொண்டு வாரத்தில் கிராமங்களுக்குப் போய்ச் செயல்விளக்கம் காட்டுகிறார்கள் என்று பேப்பரில் படித்தார். மறுநாளே அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறி, மனுக் கொடுத்து, நாள் வாங்கிவிட்டார். செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணி. ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் வருவார், பின்னாலேயே வண்டி வரும். வைக்கோலைக் குவித்துத் தீ வைத்து, அதை எப்படி அணைப்பது என்று மக்களுக்குக் காட்டுவார்கள்.

பத்து நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எங்கே மேடை? களத்துமேட்டில், வேப்பமர நிழலில். எங்கே தீ? மேடைக்கு நேர் எதிரே, உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி. அந்த இடத்துக்கு இருபது அடி தள்ளி மாட்டுத் தீனிக்கென்று போராக அடுக்கிய மாரிக்கனியின் சோளத்தட்டைப் படப்பு இருந்தது.

மாரிக்கனியைச் சொல்லிவிட வேண்டும். புருஷன் லாரி ஓட்டப் போனால் மாதம் ஒரு தடவை முகம் காட்டுவார். வீட்டை நடத்துவது மாரிக்கனியும் இரண்டு மாடுகளும். ஒன்று கறவை, ஒன்று நிறைசினை. கறவை வற்றுகிற நேரத்தில் சினை மாடு கன்று போட்டுப் பால் கொடுக்க வேண்டும். அதுதான் அந்த வீட்டின் கணக்கு. ஏப்ரலில் அந்தப் பக்கத்துக் கரிசலில் பச்சை என்று பார்த்தால் உடைமரம் ஒன்றுதான். ஐப்பசி மழை வருகிறவரை இரண்டு வாய்க்கும் அந்தப் படப்புதான். படப்பு இருந்தால் மாடு இருக்கும். படப்பு போனால் மாடு போகும். இதற்கு மேல் அதில் சிக்கல் எதுவும் கிடையாது.

"அண்ணாச்சி, காத்து இந்தப் பக்கமாத்தான் அடிக்குது. தீய அங்கிட்டுத் தள்ளி வைங்க" என்று மாரிக்கனி முதல் நாளே சொன்னாள்.

வெள்ளத்துரை சிரித்தார். "தீயணைக்கிற வண்டியே நம்ம ஊர்ல வந்து நிக்கப் போகுது. தீக்கு என்னத்தா தைரியம் வரும்?"

இந்தப் பதிலில் குறை கண்டுபிடிக்க மாரிக்கனிக்குப் படிப்பு போதவில்லை.

ஊருக்குள் நுழைகிற ஒரே பாதையில் சவுக்குக் கம்பு நட்டு, மூங்கில் வளைத்து, தென்னங்கீற்று கட்டி, "தீயணைப்புத் துறையினரே வருக! வருக!" என்று துணியில் எழுதி, ஊர் பார்த்திராத ஒரு வரவேற்பு வளைவை எழுப்பினார். உயரத்துக்கு அவர் வைத்திருந்த அளவு ஜீப். அதுவரை ஊருக்குள் வந்த வாகனங்களில் பெரியது அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. எல்லாம் சரி, நாலு மணிக்குத் தீ ஒழுங்காகப் பிடிக்குமா? பெரிய அதிகாரி உட்கார்ந்திருக்கும்போது வைக்கோல் புகைந்துகொண்டே கிடந்தால் ஊர் மானம் என்ன ஆவது? பாட்டுக்கு ஒத்திகை இருக்கிறது, நாடகத்துக்கு ஒத்திகை இருக்கிறது, தீக்கு இருக்கக் கூடாதா? பதினோரு மணிக்குக் கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டார். மாரிக்கனியின் பக்கத்து வீட்டுக்காரர், சொன்னதைச் செய்கிற மனுஷர். "ஒரு ஓரத்துல மட்டும் கொளுத்திப் பாரு. பிடிச்ச உடனே அமத்திரு."

பிடித்தது. அருமையாகப் பிடித்தது. அதை ரசித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுவிட்டார் வெள்ளத்துரை. அந்த ஒரு நிமிஷத்தில் காற்று தன் வேலையைச் செய்தது. பறந்துபோன ஒரு கொத்து வைக்கோல் மாரிக்கனியின் படப்பு உச்சியில் உட்கார்ந்தது.

பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். கண்மாயில் ஆடுதான் நின்றது. கிணற்றில் இறைத்துக் கொண்டுவந்து ஊற்றிய தண்ணீர் படப்பின் பாதி உயரத்துக்குக்கூட ஏறவில்லை. மாரிக்கனி கொட்டடியில் இருந்த மாடுகளை அவிழ்த்துத் துரத்திவிட்டு, ஜமால் மைதீனின் உரக்கடைக்கு ஓடினாள். சவூதியில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்து கடை வைத்தவர். ஊரில் போன் அவரிடம் மட்டும்தான்.

அவளுக்கு முன்னால் அங்கே போய் நின்றிருந்தார் வெள்ளத்துரை. போன் பண்ணவா? இல்லை. போன் மேல் கையை வைத்துக்கொள்ள.

"பாய், அவசரப்படாதீக. அவுகதான் நாலு மணிக்கு வாராகல்ல? ஒரே நாள்ல ரெண்டு தடவ கூப்பிட்டா என்ன நினைப்பாக நம்மள?"

"அண்ணாச்சி, படப்பு எரியுது."

"எரியுது, நான் இல்லங்கல. அதுவரைக்கும் நாம பாத்துக்கிடுவோம். ஒண்ணுமில்லாததுக்கு அதிகாரிகளைத் தொந்தரவு பண்ணுற ஊருன்னு பேராயிரக் கூடாதுல்ல. போட்டோக்காரரே மூணரை மணிக்குத்தான் வாராரு."

இப்போது அவர் மனசுக்குள் எட்டிப் பாருங்கள். அங்கே தீ இல்லை. அங்கே பன்னிரண்டு மணிக்கே ஒரு சிவப்பு வண்டி வருகிறது. மாலை தயாராக இல்லை. ஆரத்தி தயாராக இல்லை. பெரிய அதிகாரி இல்லை. வந்தவர்கள் தீயை அணைத்துவிட்டு, ஒரு எலுமிச்சம்பழம்கூட வாங்காமல் போய்விடுகிறார்கள். பத்து நாள் பாடு பட்டதெல்லாம் வீண். அவர் நடுங்கினார். அந்த நடுக்கம் நிஜம்.

மாரிக்கனி அழுதாள். "மாடு ரெண்டும் பட்டினியாச் சாகும், அண்ணாச்சி. கையை எடுங்க."

"நீ தைரியமா இரு தாயி, நான் ஒரு வார்த்தை சொல்லி..."

ஜமால் மைதீன் மேற்கொண்டு கேட்கவில்லை. வெள்ளத்துரையின் கையைப் பிடித்து எடுத்து ஓரமாக விட்டுவிட்டு, எக்சேஞ்சில் சொல்லி அருப்புக்கோட்டைக்கு லைன் வாங்கினார். வாங்குவதற்குள் கால் மணி நேரம் போயிருந்தது. தீயின் கணக்கில் கால் மணி நேரம் என்பது ஒரு படப்பில் பாதி.

மணியடித்துக்கொண்டு வண்டி வந்தது. நாற்பது நிமிஷத்தில் வந்துவிட்டது. அவர்கள் மேல் ஒரு குறை சொல்ல முடியாது. வந்த வேகத்தில் ஊர் வாசலில் கிறீச்சென்று நின்றது. மேலே ஏணி, எதிரே வளைவு. பாதையின் இரண்டு பக்கமும் முள்ளும் பள்ளமும். வருக வருக என்று எழுதியிருந்ததே வரவிடாமல் நின்றது.

வண்டியிலிருந்து நிலைய அலுவலர் இன்பராஜ் குதித்தார். அவர் கால் தரையில் படுவதற்குள் வெள்ளத்துரை எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டார். பின்னால் அவர் மனைவி தங்கச்செல்வி ஆரத்தித் தட்டில் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தாள்.

"தீ எங்க?" என்று கத்தினார் இன்பராஜ்.

"வணக்கம் சார். இது ஒத்திகைத் தீ சார், கொஞ்சம் மீறிப்போச்சு. உங்களுக்குன்னு உள்ள தீ நாலு மணிக்குத்தான்."

இன்பராஜ் அவரை ஒரு தரம் பார்த்தார், தட்டில் எரிந்த கற்பூரத்தை ஒரு தரம் பார்த்தார், களத்துமேட்டுப் பக்கம் எழும்பின புகையைப் பார்த்தார். "இந்த வளைவ எடுங்க முதல்ல."

"எடுத்துரலாம் சார், ஒரு அஞ்சு நிமிசம். ஆனா பெரிய ஆபிசர் நாலு மணிக்கு இதுக்குள்ள நுழைஞ்சுதானே வரணும்? அவுக நுழையாம நாம எடுத்தா முறையில்லையே. ஒண்ணு செய்வோம், வண்டி இங்கயே நிக்கட்டும், குழாய மட்டும் உள்ள விடுங்களேன்."

களத்துமேடு அங்கிருந்து அரை மைல். குழாயின் நீளம் எவ்வளவு என்று இன்பராஜ் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாரிக்கனி வந்துவிட்டாள். கையில் முள் வெட்டுகிற அரிவாள். யாரோடும் அவள் பேசவில்லை. வளைவின் ஒரு பக்கக் கயிற்றில் ஒரு வெட்டு. மறுபக்கக் கயிற்றில் ஒரு வெட்டு. கீற்றும் மூங்கிலும் சரிந்தன. எழுதிய துணி காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி வெள்ளத்துரையின் தோளில் விழுந்து போர்த்திக்கொண்டது. ஆறு வருஷத்தில் அவருக்கு யாராவது எதையாவது போர்த்தியது அன்றைக்குத்தான்.

வண்டி உள்ளே போனது. கொட்டடி தப்பியது, பக்கத்துப் படப்புகள் நாலு தப்பின, வேப்பமரம் பாதி தப்பியது. மாரிக்கனியின் படப்பு இருந்த இடத்தில் வட்டமாகக் கரிச்சாம்பல் மிஞ்சியது.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. விழா நடந்தது. நாலு மணிக்குச் சரியாக நடந்தது. முகமெல்லாம் கரியோடு இன்பராஜும் அவருடைய ஆட்களும் மேடையில் உட்கார்த்தி வைக்கப்பட்டார்கள். பெரிய அதிகாரிக்கு வேறு வேலை வந்துவிட்டதால் அவர் வரவில்லை. ரோஜாச் சால்வை இன்பராஜுக்கே கிடைத்தது. அவரைப் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து மூன்றே வாக்கியம் பேசினார். "தீப்பிடிச்சா உடனே போன் பண்ணுங்க. வண்டி வர்ற பாதையை மறிக்காதீங்க. எங்களுக்கு மாலையும் வேண்டாம், மரியாதையும் வேண்டாம்."

வெள்ளத்துரை மைக்கைப் பிடித்தார். குரல் தழுதழுத்தது. "கேட்டீகளா? மாலையும் வேண்டாமாம், மரியாதையும் வேண்டாமாம். எவ்வளவு எளிமை பாத்தீகளா! இப்பேர்ப்பட்டவுகளுக்கு இன்னொரு மாலை போட்டாத்தான் என் மனசு ஆறும்."

ஊர் கை தட்டியது.

அடுத்து, இன்றைய நிகழ்ச்சிக்கு மிகுந்த தியாகம் செய்தவர் என்று மாரிக்கனியை மேடைக்குக் கூப்பிட்டார். பச்சைச் சால்வையை அவள் தோளில் போர்த்தினார். அவள் சால்வையின் ஓரத்தைக் கையில் எடுத்து, புரட்டிப் பார்த்தாள்.

"இத மாடு திங்குமா, அண்ணாச்சி?"

மைக்குக்குப் பக்கத்தில் கேட்டுவிட்டதால் ஊருக்கே கேட்டது. யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் செருப்பைப் பார்த்தார்கள். வெள்ளத்துரைக்கும் சுருக்கென்றது, அதை மறுக்கக் கூடாது. கண்கள் கலங்கிவிட்டன. அந்தக் கலக்கத்திலேயே ஒரு முடிவெடுத்தார். "மாரிக்கனி மாடு பட்டினி கிடக்க இந்த ஊரு விடாது. வீட்டுக்குப் பத்துக் கட்டுச் சோளத்தட்டை. அறுபது வீடு, அறுநூறு கட்டு. போனது மாதிரி ரெண்டு படப்பு போட்டுருவோம். சம்மதமா?"

சம்மதம் என்று ஊரே எழுந்து சொன்னது. மனசாரச் சொன்னது. அன்றைக்கு ராத்திரியே வீட்டுக்கு வீடு படப்பைப் பிரித்துக் கட்டுக் கட்டி வாசலில் வைத்துவிட்டார்கள். நல்ல ஜனங்கள்.

ஆனால் வெள்ளத்துரை இன்னொரு வாக்கியமும் சொல்லியிருந்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை ஒன்றிய ஆபீஸ்லேர்ந்து ஒரு அதிகாரியக் கூப்பிட்டு, அவுக கையால வழங்குவோம்."

செவ்வாய் போயிற்று. புதன்கிழமை மாரிக்கனி உடைமரத்துக் காய் பொறுக்கிப் போட்டாள். ஜமால் மைதீன் ஒரு மூட்டை பருத்திக்கொட்டை அனுப்பினார். நல்ல சரக்குதான், ஆனால் மாட்டு வயிறு நிரம்பத் தட்டை வேண்டும். பக்கத்து வாசல் தொடங்கி மூன்று பர்லாங்குக்குள் அறுபது வாசலில் அறுநூறு கட்டு அடுக்கிக் கிடந்தது. அந்த வழியாக மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் அது நின்று நின்று மோந்து பார்த்தது. "ஓட்டிக்கிட்டுப் போத்தா, ஞாயித்துக்கிழமை உனக்குத்தான் அம்புட்டும்" என்று ஒவ்வொரு வாசலிலிருந்தும் அன்பாகச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கருத்தப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. கொளுத்தியது அவர் கை அல்லவா? தன் வாசலில் இருந்ததில் இரண்டு கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மாரிக்கனி வீட்டுப் பக்கம் நடந்தார். எதிரே கடை வாசலிலிருந்து வெள்ளத்துரை பார்த்துவிட்டார்.

"ஏலே கருத்தப்பாண்டி, எங்க?"

"மாடு கத்துது அண்ணாச்சி. கேக்கச் சகிக்கல."

"எனக்கு மட்டும் காது இல்லையாலே? இன்னைக்கே குடுத்துட்டா ஞாயித்துக்கிழமை எதைக் குடுப்ப? ஆபிசர் முன்னாடி உன் வீட்டுப் பேரு வாசிக்கும்போது வெறுங்கையோட நிப்பியா? ஊரே ஒரு முறையா செய்யுறப்ப நீ மட்டும் தனியாக் குடுத்தா, மத்தவுகளையெல்லாம் இரக்கம் இல்லாதவுகன்னு சொன்ன மாதிரில்ல ஆகும்?"

கருத்தப்பாண்டி இரண்டு பக்கமும் பார்த்தார். தலையில் கட்டு கனத்தது. முன்னால் நாற்பது அடியில் மாரிக்கனியின் வீடு. பின்னால் அவர் வீடு. திரும்பிப் போய்க் கட்டை இறக்கித் தன் வாசலில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்து மணி என்று சொன்ன அதிகாரி பன்னிரண்டரைக்கு வந்தார். மேடை, மைக், போட்டோக்காரர். ரேடியோப் பெட்டியில் பாட்டு. ஒவ்வொரு வீட்டுப் பேராக வாசிக்க வாசிக்க, வேட்டியை வெளுத்துக் கட்டிய ஆண்கள் தலையில் கட்டோடு வந்து இறக்கினார்கள். சரிகை நூல் சுற்றிய கட்டுகளும் இருந்தன. அறுநூறு கட்டும் சேர்ந்து எரிந்துபோனதைவிட உயரமாக நின்றது. வெள்ளத்துரையின் கண்ணில் நீர் வழிந்தது. பொய்யான நீர் இல்லை. "நம்ம ஊரு மாதிரி ஒரு ஊரு உண்டா?" என்று மைக்கில் கேட்டார். இல்லை என்பதுதான் எல்லோருடைய எண்ணமும்.

மாடுகளையும் மேடைக்கு முன்னால் கொண்டுவரச் சொல்லியிருந்தார். முதல் கட்டை அதிகாரி கையிலிருந்தே அவை தின்பதைப் போட்டோ எடுக்க வேண்டும். மாரிக்கனி ஓட்டிக்கொண்டு வந்தாள். விலா எலும்பை எண்ணிவிடலாம் என்கிற மாதிரி மெலிந்த ஒரு மாடு. கறவை.

வெள்ளத்துரை மைக்கைக் கீழே இறக்கினார். "ரெண்டு மாடுல்ல இருந்துச்சு, தாயி? சினை மாடு எங்க?"

"வெள்ளிக்கிழமை சந்தைல வந்த விலைக்குத் தள்ளிட்டேன் அண்ணாச்சி. எழுந்து நிக்கவே தள்ளாடுச்சு. அதுக்கு ஞாயித்துக்கிழமைன்னா என்னன்னு தெரியல."

அதிகாரி கட்டை நீட்டினார். மாடு தின்றது. போட்டோ எடுத்தாயிற்று.

அந்தப் போட்டோ இன்றும் கடைச் சுவரில் இருக்கிறது. வெள்ளத்துரை முழுசாக இருக்கிறார், அதிகாரி பாதி இருக்கிறார், மாட்டின் வாய் மட்டும் விழுந்திருக்கிறது. அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம் என்று பார்க்கிறீர்களா? போகாதீர்கள். வெள்ளத்துரை ஒருவர். கட்டுக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு, மாடு கத்துவதைக் கேட்டுக்கொண்டு, இரக்கத்தோடு காத்திருந்தவர்கள் அறுபது வீட்டார். ஒருவர் தடுத்தார் என்பது சரி. மூன்று பர்லாங்கு நடக்காமல் இருந்த கால்கள் யாருடையவை?

நீங்களாக இருந்தால் அன்று சாயங்காலமே கொண்டுபோய்ப் போட்டிருப்பீர்கள். சந்தேகம் என்ன! அதிருக்கட்டும், ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரே உங்கள் சிநேகிதர், இருபது நாளாக. இன்னும் போய்ப் பார்க்கவில்லையாமே? வெறுங்கையோடு போகக் கூடாது, நாலு பேராகச் சேர்ந்து, ஆப்பிள் வாங்கிக்கொண்டு, நிதானமாகப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். நல்ல யோசனை. என்றைக்குப் போவதாக உத்தேசம், ஞாயிற்றுக்கிழமையா?